ஒரு போர்ட்டுக்கு மூணு வயர்

ஆமாங்க தம்பி, அந்த நெம்பர் என்னுதுதான். போர்டுலயே எழுதியிருக்குது பாருங்க, ஆறுச்சாமி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ், அதுக்குக் கீழ அதே நெம்பரு. இதுல ஒளிக்கிறதுக்கு என்னங்க இருக்குது. மொதல்ல உக்காருங்க. கரூர்ல இருந்து ஒரே மூச்சா வந்திருக்கீங்க, மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்குது. அந்த ஸ்டூல்ல கிரீஸ் இருக்கும், இந்தச் சேர்ல உக்காருங்க.

உங்க தங்கச்சி கோகிலவாணி இருவத்திரெண்டு நாளா எங்க இருக்குதுன்னே தெரியலைங்கிறீங்க. சிம்மு உங்க பேர்ல இருக்கிறதால யார் யாருக்குப் பேசியிருக்குதுன்னு லிஸ்ட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதுல கடைசியா இருக்கிறது என் நெம்பரு. பதினொண்ணாந்தேதி, மத்தியானம் ஒண்ணு பத்து, நாலு நிமிஷம். சரியாத்தான் இருக்குது. நாலு நிமிஷம் பேசியிருக்கும். எல்லாத்தையும் சொல்லிப்போடறேன், ஆனா நடுவுல கோவப்படக் கூடாது. என்னைப் பத்தி இந்த உடுமலையில யாரை வேணா கேளுங்க. இருவத்தெட்டு வருசமா வயர் வேலை செய்யறேன், ஒரு வண்டிக்காரர் வாயில இருந்து குத்தம்னு ஒரு சொல்லு வந்ததில்லை. பொய் சொல்றது நம்ம பழக்கத்துலயே இல்லீங்க.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனா இது தெரிஞ்சிருக்காது. ஸ்டீரிங்குக்குக் கீழ, முழங்கால் இடிக்கிற எடத்துல, பதினாறு ஓட்டையோட ஒரு போர்ட்டு இருக்கும். ஓபிடி போர்ட்டும்பாங்க. வண்டிக்கு நாடி புடிச்சுப் பாக்கிற எடம் அது. நாங்க எங்க மிஷினை அதுல சொருகினா, என்ன சீக்குன்னு வண்டியே சொல்லிரும். பாத்துப்போட்டுக் கழட்டிரோணும். அதுக்குத்தான் அதை வெச்சிருக்கான். இப்ப என்னடான்னா ஆளாளுக்கு ஒரு மிஷினைக் கொண்டாந்து, இதைச் சொருகு, கழட்டாதேங்கிறாங்க. நாடி பாக்க வந்த வைத்தியன் கையைப் புடிச்சுட்டு அங்கயே குடியிருந்த மாதிரிதான்.

தங்கச்சி வண்டிக்கு மொதல்ல வந்தது இன்சூரன்ஸ்காரன் குடுத்த டப்பி. பதனமா ஓட்டினா அடுத்த வருசம் தள்ளுபடியாம். மாட்டினேன். ரெண்டாவது உங்க மாப்பிள்ளை மோகனசுந்தரம் கொண்டாந்தது, முன்கண்ணாடியில ஸ்பீடு தெரியற டிஸ்ப்ளே. அதுக்கும் அதே போர்ட்டுதான் வேணும். போர்ட்டு ஒண்ணு, மிஷினு ரெண்டு, என்ன பண்றது? ஸ்ப்ளிட்டர்னு ஒரு வயர் வருதுங்க. ஒரு பக்கத்தைப் போர்ட்டுல சொருகினா, மறுபக்கம் மூணு வாய் கிடைக்கும். போட்டுக் குடுத்தேன். ரெண்டை மாட்டினதுக்கப்புறம் மூணாவது வாய் சும்மாதான் கிடந்துச்சு. சும்மா கிடக்கிற வாய்க்கு எப்படியும் ஒண்ணு வந்து சேந்துரும், இது என் தொழில்ல நான் கண்டது.

ஆடி மாசம் மாப்பிள்ளை தனியா வந்தாரு. வண்டியை மட்டும் எடுத்துட்டு வந்திருந்தாரு, தங்கச்சி வரலை. கையில ஒரு டிராக்கர், தீப்பெட்டியத்தனை இருக்கும். வண்டி எங்க போகுது, எங்க நிக்குது, எத்தனை நேரம் நிக்குது, அத்தனையும் போன்ல தெரியும். இதை மாட்டுங்க, வெளியில தெரியக் கூடாதுன்னாரு. அம்மிணிக்குச் சொல்லியாச்சுங்களான்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"அவ நல்லதுக்குத்தான் ஆறுச்சாமி. காலம் கெட்டுக் கிடக்குது."

நியாயமாத்தான் பட்டுது. பெரிய மனுசர், தேங்கா நார் மில்லு வெச்சிருந்தவரு, நாம என்னத்தைச் சொல்றது. டிராக்கரைப் பேனலுக்கு மேல தூக்கி, துணி டேப்பு சுத்தி, ஹார்னஸும்பமே, அந்த வயர்க்கட்டுல வயரோட வயரா சேத்திக் கட்டினேன். நானே கை விட்டுத் தேடினாத்தான் எடுக்க முடியும். அப்படியொரு வேலையை இந்த ஊர்ல வேற ஒருத்தன் செய்யச் சொல்லுங்க பாக்கலாம். சொல்லக் கூடாது, அன்னைக்கு எனக்கே பெருமையா இருந்துச்சு.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. வண்டி தங்கச்சி பேர்லதான் இருக்குது, ஆர்சி புக்கைப் பாத்திருக்கேன். நீங்க சீர் வெச்ச வண்டின்னும் தெரியும். கடைக்கு வர்றப்பெல்லாம் சொல்லும், எங்கண்ணன் எனக்குன்னே வாங்கிக் குடுத்ததுங்கண்ணான்னு. ஆனா சீர் குடுத்தாச்சுன்னா அது மாப்பிள்ளை வீட்டுப் பொருள்தானுங்க? அண்டாவைச் சீர் குடுத்துப்போட்டு, அதுல தண்ணி ரொப்பறாங்களா நெல்லு கொட்டறாங்களான்னு போயிக் கேப்பமா? என் கூடப்பொறந்ததுக்கும் நான் சீர் செஞ்சவன்தான், முறை தெரியாம பேசலை.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். அந்த டிராக்கருக்குப் போன்ல ஒரு ஆப்பு போடோணும். ஓடிபின்னா மாப்பிள்ளைக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அவரு மட்டுமில்லை, பாதிப்பேரு அப்படித்தான். அதனால நான் எப்பவுமே என் நெம்பர்ல பதிஞ்சுட்டு, அப்புறமா கஸ்டமர் போனையும் அதுல சேத்தி விட்டுருவேன். நான் மாட்டின வண்டி எல்லாம் என் போன்லயும் புள்ளி புள்ளியா இருக்கும். முப்பத்தஞ்சு நாப்பது வண்டி. மத்தியானம் சோத்துப் போசியைத் திறந்து வெச்சுட்டு அதைத்தான் பாத்துட்டிருப்பேன். டாக்டர் வண்டி எந்தத் தோட்டத்துல நிக்குது, ஜவுளிக்கடைக்காரர் வண்டி யார் வீட்டு வாசல்ல நிக்குது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க, என் வாய்க்கு இருக்குதுங்க.

மூணாவதை மாட்டினதுக்கப்புறம்தான் கோளாறு ஆரம்பிச்சுது. மூணு மிஷினும் ஒரே நேரத்துல கேள்வி கேட்டா வண்டி எதுக்குன்னு பதில் சொல்லும்? மீட்டர்ல சம்பந்தமில்லாம லைட்டு எரியும். அது கூடப் பரவாயில்லை. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தாலும் அதுக தூங்காது, பேட்டரியை உறிஞ்சிட்டே கிடக்கும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதை. தங்கச்சி மூணு தடவை வந்துச்சு. திங்கக்கிழமை காத்தால வண்டி எடுக்க மாட்டேங்குதுங்கண்ணா, ஸ்கூலுக்கு நேரமாவுது, வகுப்புல பிள்ளைக வந்து உக்காந்திருக்கும்னு. பேட்டரிக்கு வயசாயிப்போச்சு அம்மிணின்னேன். நிசத்தைச் சொல்லோணும்னா மூணாவது வயரைப் பத்திச் சொல்லோணுமே. ஒவ்வொரு தடவையும் சார்ஜ் போட்டுக் குடுத்துத் தாட்டி விட்டுட்டேன். அது பொய்யின்னு சேத்திக்காதீங்க, பேட்டரிக்கும் வயசாகித்தான் இருந்துச்சு.

மூணாந்தடவை வந்தப்ப ஒண்ணு கேட்டுச்சு. பேங்க்கு முன்னால பதினோரு நிமிஷம் எதுக்கு நின்னேன்னு அவரு கேக்கறாருங்கண்ணா, கூட வந்த டீச்சரை எந்த வீதியில எறக்கி விட்டேன்னும் அவரே சொல்றாரு, அவருக்கு எப்படிங்கண்ணா தெரியுதுன்னு. முழங்கையில கட்டுப் போட்டிருந்துச்சு. என்ன அம்மிணின்னேன், வழுக்கி விழுந்துட்டேன்னுச்சு. விழுந்திருக்கும். மழைக்காலம் வேற. புருசன்காரன் பொண்டாட்டி மேல அக்கறையா இருக்கிறது ஒரு குத்தமாங்க? எங்க வீட்ல பதினோரு நாள் நான் காணாமப் போனாலும் கேக்க நாதியில்லை அம்மிணின்னு சிரிக்க வெக்கப் பாத்தேன். அது சிரிக்கலை. என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு.

என்னங்க தம்பி, தண்ணி வேணுமா? அந்தக் கேன்ல இருக்குது, புடிச்சுக் குடிங்க.

பதினொண்ணாந்தேதி காத்தால பத்து மணிக்கு வந்துச்சு. பின்சீட்ல ஒரு பேக்கு, ஒரு அட்டைப்பொட்டி நிறையப் பொஸ்தகம். நிறுத்தினா மறுபடி எடுக்காதுன்னு பயந்துட்டு, இஞ்சினை ஓட விட்டுட்டே எறங்குச்சு. நீங்கதானே மாட்டினீங்க, இதுல சொருகியிருக்கிறது அத்தனையும் நீங்களே கழட்டிக் குடுங்கண்ணா, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்னுச்சு. முடிவு பண்ணிட்டு வந்த ஆளு பேசற மாதிரி இருந்துச்சு. டிஸ்ப்ளேயைக் கழட்டினேன். இன்சூரன்ஸ் டப்பியைக் கழட்டினேன். ரெண்டையும் கையிலயே குடுத்தேன். போர்ட்டுல ஸ்ப்ளிட்டர் அப்படியே நின்னுச்சு, இது என்ன வயருன்னு கேட்டுச்சு. அது வண்டியோடவே வர்றது அம்மிணின்னேன். நம்பிக்கை வரலை போல. கட்டின சீலையோட இந்த மண்ணுல முட்டி போட்டு, போன்ல டார்ச் அடிச்சு, குனிஞ்சு பாத்துச்சு. நான் சுத்தின டேப்பு, எங்க தெரியப் போகுது.

"இவ்வளவுதானுங்களாண்ணா? வேற எதுவும் இல்லையே?"

"இவ்வளவுதான் அம்மிணி."

முறைக்காதீங்க தம்பி. நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. மாட்டச் சொன்னது அவரு, அப்ப கழட்டச் சொல்ல வேண்டியதும் அவருதானுங்க? ஒருத்தர் மாட்டச் சொன்னதை இன்னொருத்தர் சொல்லிக் கழட்டினா நாளைக்கு என்னை எவன் நம்புவான்? தொழிலுக்குன்னு ஒரு தர்மம் இருக்குது. அது போக, பொம்பளைப்புள்ளை தனியா அத்தனை தூரம் போகுது, எங்க போகுதுன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு மனசுல பட்டுது. சத்தியமா நல்லதுக்குத்தான் பண்ணினேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சுங்க. இந்த உதவியை மறக்க மாட்டேங்கண்ணான்னு சொல்லிட்டுத்தான் போச்சு.

அரை மணி நேரத்துல மாப்பிள்ளை போன் பண்ணிட்டாரு. டப்பியைக் கழட்டினதும் அவரு போனுக்கு மெசேஜ் போயிருக்குது. என்ன நடக்குது ஆறுச்சாமின்னாரு. கேட்டா சொல்லித்தானே ஆவோணும், நான்தான் பொய் பேச மாட்டேனே. அம்மிணி கரூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போகுதுங்க, ரெண்டைத்தான் கழட்டினேன், மூணாவது பத்திரமா இருக்குதுன்னேன். அவரு சத்தம் போடலை. சரின்னு மட்டும் சொல்லி வெச்சுட்டாரு. சத்தம் போட்டிருந்தாருன்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், என்னமோ அந்தச் சரி எனக்குப் புடிக்கலை.

ஒண்ணு பத்துக்குத் தங்கச்சி கூப்பிட்டுது. தாராபுரம் தாண்டி மூலனூர்ல வண்டியை ஓரங்கட்டி, கொண்டு போன சோத்தைச் சாப்பிட்டிருக்குது. திருப்பிச் சாவி போட்டா எடுக்கலை. அந்தப் பேட்டரி எப்படி எடுக்கும், மாசக்கணக்கா மூணு மிஷினும் உறிஞ்சி அரை உசுராக் கிடந்தது. அண்ணா, வண்டி செத்துப்போச்சுங்கண்ணா, இங்க ஒருத்தரையும் தெரியலை, எங்கண்ணனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குதுன்னுச்சு. நீங்க எடுக்கலையாம் தம்பி. உங்க லிஸ்ட்டுல அதுவும் இருக்கும் பாருங்க, என் நெம்பருக்கு முன்னால. மூணு தடவையோ நாலு தடவையோ. உங்க தறிச் சத்தத்துல கேட்டிருக்காது, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

பேசாம பஸ் ஏறிப் போயிரட்டுங்களாண்ணா, கரூர் பஸ்ஸு எதுக்கால நிக்குதுன்னும் கேட்டுச்சு. இதை உங்ககிட்டச் சொல்லாம இருக்கலாம், ஆனா சொல்றதுன்னு ஆயிருச்சு. அண்ணன் சீர் வெச்ச வண்டியை நடுரோட்டுல போட்டுட்டுப் போறதா, நாளைக்கு அவரு மனசு என்ன பாடுபடும்னு நான்தான் தடுத்தேன். உங்க பேரைச் சொன்னதும் அது பஸ் பேச்சை விட்டுருச்சு.

"அங்கயே இருங்க அம்மிணி, எங்கயும் போயிராதீங்க. நான் ஆள் அனுப்பறேன்."

மூலனூர்ல எனக்கு ஒரு மெக்கானிக்கைத் தெரியும், தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்துல போயிருப்பான். ஆனா ஒரு குடும்பத்து விசயத்துல மூணாவது மனுசனை எதுக்கு நுழைக்கிறது? மாப்பிள்ளைக்குத்தான் போன் போட்டேன். அதுக்குள்ள அவரு ஜீப்பை எடுத்துட்டுத் தாராபுரமே தாண்டிட்டாரு. புள்ளி மூலனூர்ல நிக்குதே, சரியா இருக்குமான்னாரு. பத்து மீட்டர் முன்னப்பின்ன இருக்கும், அதுக்கு மேல தப்பாதுங்க, எங்கயும் போகக் கூடாதுன்னு நானே சொல்லி வெச்சிருக்கேன்னேன்.

நாலு மணி சுமாருக்குப் புள்ளி நகந்துச்சு, ஜீப்புல கட்டி இழுத்துட்டு வர்றாரு போல. கரூர்ப் பக்கம் போகலை, இக்கட்டால, நம்ம உடுமலைப் பக்கம் திரும்பி வந்துச்சு. எனக்கு அப்ப ஒரு சந்தோசம் தம்பி, உடைய இருந்த குடும்பத்தை ஒட்ட வெச்சுட்டோம்னு. டீ சொல்லி, பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கும் வாங்கிக் குடுத்தேன். பொழுதோட உடுமலைக்குள்ள வந்துருச்சு. ஆனா வீட்டுக்குப் போகலை. தளி ரோட்டுல மாப்பிள்ளையோட நார் மில்லு இருக்குதுங்களே, ரெண்டு வருசமாப் பூட்டிக் கிடக்குதே, அங்க போயி நின்னுச்சு. வீட்ல எடமில்லை போல, மில்லுல நிறுத்திட்டு ஜீப்புல ஒண்ணா வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனைச்சேன். அப்படித்தானே எவனும் நெனைப்பான்.

மறுநாள் மாப்பிள்ளை இங்க வந்தாரு. உக்காரலை. நான் போறதுக்குள்ள அவ எவனோடயோ வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா, எங்க இருக்கான்னு தெரியலை, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேன்னாரு. உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாருங்களா? என்கிட்ட இன்னொண்ணு சேத்திச் சொன்னாரு. உங்க போன்ல இருக்கிறதை அழிச்சிருங்க ஆறுச்சாமின்னாரு. அவரு அப்படிச் சொல்றப்ப என் சட்டைப் பையில போன் இருக்குது, போன்ல புள்ளி அவரு மில்லுலயே நிக்குது. அழிச்சிட்டேன்னு சொன்னேன். ஆனா அழிக்கலை. பெரிய எடத்து விசயம், நமக்கென்ன சோலின்னு இருந்துட்டேன், இருந்தாலும் மத்தியானச் சோத்துக்கு உக்காந்தா மொதல்ல அந்தப் புள்ளியைத்தான் பாப்பேன். பதினாறு நாள் பாத்தேன். ஒரு அடி நகரலை. ஒரு தடவை கூட இஞ்சின் ஓடலை, ஓடினா அதுல காட்டும்.

இருவத்தேழாந்தேதி புள்ளி அணைஞ்சு போச்சு. பயப்படாதீங்க, அது பேட்டரி. ஓடாம நிக்கிற வண்டி, உள்ள டிராக்கர் வேற, பதினாறு நாள் தாங்கினதே பெரிசு. நான் சொல்றேன் கேளுங்க, அது வெறும் பேட்டரி தம்பி.

இந்தாங்க, நீங்களே பாருங்க. இது மில்லு கேட்டு. இது பெரிய செட்டு. செட்டுக்குப் பின்னால, மட்டை ஊற வெக்கிற தொட்டி இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான் கடைசியா நின்னது. போட்டோ புடிச்சுக்கோங்க. தேதி, மணியெல்லாம் விழற மாதிரி புடிங்க. ஸ்டேஷனுக்கு நான் எதுக்குங்க, நான் வயர் மாட்டினவன். மில்லைப் பாக்க நானும் போகாம இல்லை. ரெண்டு தடவை ஸ்கூட்டரை எடுத்துட்டுத் தளி ரோடு முக்கு வரைக்கும் போனேன். மில்லு இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான். ரெண்டு தடவையும் திரும்பி வந்துட்டேன். பயமா இருந்துச்சு தம்பி. என்னத்துக்குப் பயம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை.

எந்திரிச்சுட்டீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. வெறுங்கையோட போனா எப்படிங்க, அந்த வண்டி இப்பச் சாவி போட்டா எடுக்காது. இந்தப் பேட்டரியை எடுத்துட்டுப் போங்க, நேத்துத்தான் புல் சார்ஜ் போட்டு வெச்சேன். கனமா இருக்கும், ரெண்டு கையிலயும் புடிச்சுக்கோங்க. ஏனுங்க தம்பி அழுவறீங்க? புடிங்க. தங்கச்சி வண்டியை ஓட்டிட்டு வரோணுமில்லீங்களா.